கிணற்றடி யந்திரங்களின் சரித்திரம்

பழைய இரும்பு வாங்குகிறவரின் தராசுக்கு நிறை மட்டுமே தெரியும். ஒடிந்த மண்வெட்டியையும், ஓட்டை விழுந்த வாளியையும், ஒரு காலத்தில் ஒரு தோட்டம் முழுவதற்கும் நீர் இறைத்த யந்திரத்தையும் அது ஒன்றாகவே நிறுக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று செம்மண் தோட்டங்கள் பரந்து கிடக்கும் ஊர்களில், கிணற்றடிக் கொட்டில்களின் மூலையில் கிடந்த பழைய இறைப்பு யந்திரங்கள் பல இவ்வாறு நிறுக்கப்பட்டு, லொறி ஏறி, உலைக்குப் போய்விட்டன. போனது வெறும் இரும்புதானா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி.

இந்த யந்திரங்கள் ஒருமுறை வேண்டாதவை என்று ஒதுக்கப்பட்டவை. பின்னர் உழைக்கும் மக்களின் கைகளால் மீண்டும் இயங்க வைக்கப்பட்டு, பட்டினியை வாசலில் தடுத்து நிறுத்த உதவியவை. அதன் பின் இரண்டாம் முறையும் ஒதுக்கப்பட்டவை. அவற்றை மீட்டவர்கள் யார், எந்த அறிவைக் கொண்டு மீட்டார்கள் என்பதை நமது வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. பாடப்புத்தகத்தில் சங்கிலியன் இருக்கிறான், போர்த்துக்கேயர் இருக்கின்றனர், கிணற்றடி யந்திரத்தை ஓட வைத்தவனுக்கு அங்கே இடமில்லை.

துலாவிலிருந்து யந்திரத்துக்கு

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கிறது. அதை மேலே எடுத்தால்தான் புகையிலை, வெங்காயம், மிளகாய் எல்லாம். ஆகவே குடாநாட்டு விவசாயத்தின் சரித்திரம் என்பது கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவந்த உழைப்பின் சரித்திரமேயாகும்.

நெடுங்காலம் அந்த உழைப்பைத் துலா வாங்கிக்கொண்டது. ஆடுகாலில் பொருந்திய நீண்ட மரத்தின்மீது ஒருவர் அல்லது இருவர் முன்னும் பின்னும் நடப்பர். கீழே ஒருவர் துலாக்கொடியைப் பிடித்துப் பட்டையை இறக்கி, நிறைந்து வரும் நீரைக் கவிழ்ப்பார். இன்னொருவர் வாய்க்காலில் தண்ணீர் மாறுவார். விடியுமுன் தொடங்கும் இந்த வேலை வெயில் ஏறும்வரை நீளும். துலாவில் கால் தவறினால் உடல் முறியும். துலாவில் நடந்த கால்கள் பெரும்பாலும் காணியற்ற கூலி உழைப்பாளரின் கால்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரின் கால்கள். சிறு தோட்டக்காரனின் சொந்தப் பிள்ளைகளின் கால்கள். பழமையின் அழகு என்று துலாவைப் படமாக வரைந்து சுவரில் மாட்டுவோர் இதை மறந்துவிடக் கூடாது.

1950களிலும் 1960களிலும் இறைப்பு யந்திரங்கள் பரவலாக வந்து சேர்ந்தன. வூல்ஸ்லி, வில்லியர்ஸ் என்று ஆங்கிலப் பெயர் பொறித்த, கனத்த வார்ப்பிரும்பு யந்திரங்கள் அவை. பெற்றோலில் கிளம்பி, உடல் சூடேறியதும் மண்ணெண்ணெயில் உழைக்கும் வகையைச் சேர்ந்தவை அவற்றுள் பல. இங்கிலாந்தில் பெற்றோல் விலை கூடியதென்பதால் அங்குள்ள விவசாயிகளுக்காகவே வகுக்கப்பட்ட முறை இது. 1949இல் வெளிவந்த பெர்குசன் உழவு யந்திரத்தின் ஒரு வகையும் இவ்வாறே கிளம்புவதற்குப் பெற்றோலையும் உழுவதற்கு மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயையும் குடித்தது. மலிவைத் தேடிய இங்கிலாந்து விவசாயியின் முறை, நாற்பது ஆண்டுகளின் பின் முற்றுகைக்குள் அகப்பட்ட யாழ்ப்பாணத்து விவசாயிக்கு உயிர்நாடியாகப் போகிறது என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

யந்திரம் மனிதனைத் துலாவிலிருந்து இறக்கியது. அது பெரும் விடுதலைதான். ஆனால் யந்திரம் வாங்கக் கூடியவனுக்கும் வாடகைக்கு எடுக்க வேண்டியவனுக்கும் இடையே புதிய வேறுபாடும் பிறந்தது. அளவின்றி இறைத்ததால் கரையோரக் கிணறுகள் உவர்ப்பேறின. யந்திரம் தானாக நன்மையும் செய்யாது, தீமையும் செய்யாது. அது யார் கையில், எந்தச் சமுதாய அமைப்பில் இயங்குகிறது என்பதே தீர்மானிக்கும்.

சான்றிதழ் இல்லாத கல்வி

யந்திரத்தோடு கூடவே அதைத் திருத்துபவனும் தோன்றினான். கொல்லுப் பட்டறையில் இரும்பின் குணத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களின் பிள்ளைகள் சிலர் கராஜுக்குள் நுழைந்தனர். கடைசல் யந்திரத்தின் முன்னால் நின்றனர். வாய்ப்பாடு படிக்கும் வயதில் ஸ்பானரைப் பிடித்தனர்.

அன்றைய யாழ்ப்பாணத்தின் கண்ணுக்கு இது கல்வியாகப் படவில்லை. ஆங்கிலம் கற்று, கொழும்புக்கோ மலாயாவுக்கோ போய், எழுதுவினைஞராக அமர்ந்து, மாதந்தோறும் மணியோடர் அனுப்புவதே கல்வியின் பயன் என்று நம்பிய சமூகம் அது. கையில் கறுத்த எண்ணெய் படிந்தவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய சமூகம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்து அரச உத்தியோகத்தின் கதவு சாத்தப்பட்ட பின்னரும், 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழகக் கதவு ஒடுங்கிய பின்னரும்கூட அந்த மனப்பான்மை எளிதில் மாறவில்லை.

இந்தக் கைகளுக்கு முதல் பெரும் சோதனை 1970க்கும் 1977க்கும் இடையில் வந்தது. ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராததால் குடாநாட்டு விவசாயி நிமிர்ந்தான். பலர் கல்வீடு கட்டினர். ஆனால் அதே கட்டுப்பாட்டினால் யந்திர உதிரிப்பாகங்களும் எளிதில் கிடைக்கவில்லை. தேய்ந்த புஷ்ஷைக் கடைந்து செய்வதும், விரிந்த சிலிண்டருக்கு உள்ளுறை போடுவதும், எரிந்த கம்பிச் சுருளை மீளச் சுற்றுவதும் அன்றாட வேலைகளாயின. பழையதைத் திருத்து, இல்லாவிட்டால் பயிர் கருகும் என்ற நிலையே ஒரு பெரிய தொழில்நுட்பப் பள்ளியாக அமைந்தது. அந்தப் பள்ளியில் பயின்றோருக்குச் சான்றிதழ் கொடுக்க ஒருவருமில்லை.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதி வெங்காயமும் மிளகாயும் சந்தையை நிரப்பின, விவசாயி சறுக்கினான். கூடவே எடை குறைந்த ஜப்பானிய யந்திரங்கள் வந்தன. மின்சாரம் எட்டிய இடங்களில் விசையை அழுத்தினால் ஓடும் மின் மோட்டாரும் வந்தது. இரண்டு பேர் தூக்க வேண்டிய பழைய வார்ப்பிரும்பு யந்திரம் கொட்டிலின் மூலைக்குத் தள்ளப்பட்டது. அதன் மேல் கோழி அடைகாத்தது. முதலாவது ஒதுக்கல் இவ்வாறு நிகழ்ந்தது.

பழையது ஏன் மீண்டது?

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. ரயில் நின்றது. மின்சாரம் அறுந்தது. அரசாங்கம் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடையை இறுக்கியது. பெற்றோல், டீசல், பற்றறி, உரம், சிமெந்து, உதிரிப்பாகம் என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவு வந்தது. அதுவும் பங்கீட்டிலும் கொள்ளை விலையிலும். விசையை அழுத்தினால் ஓடிய மின் மோட்டார் அன்றோடு ஊமையாயிற்று. அப்பொழுதுதான் கோழி அடைகாத்த யந்திரத்தின் பக்கம் எல்லோருடைய பார்வையும் திரும்பிற்று.

இது தற்செயலன்று. பழைய யந்திரத்துக்குச் சாதகமான காரணங்கள் மூன்று உண்டு. மாணவர்கள் அவற்றை நுணுகி அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, நெருக்கம். யந்திரத்தின் சிலிண்டருக்குள் எண்ணெயும் காற்றும் கலந்த ஆவியைப் பிஸ்ரன் நெருக்கிச் சுருக்குகிறது. நெருக்கம் கூடிய யந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவி தீப்பொறிக்குக் காத்திராமல் தானாகவே வெடித்து, சுத்தியலால் அடிப்பது போல் பிஸ்ரனைத் தாக்கும். பிற்கால மோட்டார்கள் ஒன்பது, பத்து மடங்கு நெருக்குபவை. பழைய இறைப்பு யந்திரங்களோ நான்கைந்து மடங்கோடு நின்றவை. குடாநாட்டில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் ஏ40 கார்கள் 1947க்கும் 1954க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. அவையும் ஏழு மடங்கைச் சற்றே தாண்டியவை. புதிய காரைவிடக் கிழட்டுக் கார் அதிகம் ஓடிய விந்தையின் இரகசியம் இதுவே.

இரண்டாவது, தீப்பொறி. பழைய யந்திரங்களில் மக்னீற்றோ என்ற உறுப்பு உண்டு. சக்கரம் சுழலும்போது காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்து தீப்பொறியைத் தாமே பிறப்பிக்கும், பற்றறி வேண்டியதில்லை. கயிற்றைச் சுற்றி இழுத்தோ, கைப்பிடியைச் சுழற்றியோ கிளப்பிவிடலாம். பற்றறி தடைசெய்யப்பட்ட நாட்டில் இது எத்தகைய செல்வம்!

மூன்றாவது, திறந்த உடல். பழைய யந்திரத்தை நான்கு ஸ்பானர்களோடு முழுவதும் கழற்றலாம். ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்து அதன் வேலையை ஊகிக்கலாம். அதைச் செய்தவன் திருத்துகிறவனிடமிருந்து எதையும் மறைத்து வைக்கவில்லை.

மீட்கும் வேலை பொறுமையைக் கேட்பது. ஆண்டுக்கணக்கில் கிடந்த யந்திரத்தின் பிஸ்ரன் சிலிண்டரோடு துருவால் ஒட்டிப்போயிருக்கும். தெரியாதவன் சுத்தியலை எடுப்பான்; வார்ப்பிரும்பு வெடித்துவிடும். தெரிந்தவன் மேலிருந்து மண்ணெண்ணெயை ஊற்றி நாட்கணக்கில் ஊறவிடுவான். பின் இலேசாகச் சூடுகாட்டி, சக்கரத்தை ஒரு விரற்கடை முன்னும் ஒரு விரற்கடை பின்னுமாக அசைப்பான். கழன்ற பின் வால்வுகளை மணற்பசை பூசி அவற்றின் இருக்கையோடு தேய்த்துத் தேய்த்து ஒளி புகாதபடி பொருத்துவான். ஈரம் ஏறிய மக்னீற்றோவை வெயிலில் உலர்த்துவான். சுருள் எரிந்திருந்தால் புதிதாகச் சுற்றுவான். காஸ்கற்றைத் தடித்த அட்டையிலிருந்து வெட்டுவான். குளிர்ந்த மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, உடல் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவான். அந்தச் சில துளி பெற்றோல் சிறு போத்தலில் மருந்துபோலப் பாதுகாக்கப்பட்டது.

அதே அறிவு மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் பரவிற்று. சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலியில் பி.பி.சி. தமிழோசை கேட்டனர். ஜாம் போத்தலின் அடியில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரியிட்டு எரித்த குட்டி விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். வெளியுலகம் இவற்றை வியப்போடு பார்த்தது. ஆயினும் இவை 1990இல் திடீரென்று வானத்திலிருந்து விழுந்த கண்டுபிடிப்புகள் அல்ல. பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் யந்திரத்தோடு முப்பது ஆண்டுகள் பழகிய கைகள், 1970களின் தட்டுப்பாட்டில் பயின்ற கைகள், ஏற்கெனவே அங்கு இருந்தன. சமூகம் மதிக்க மறுத்த அந்த அறிவுதான், சமூகத்தின் நெருக்கடி வேளையில் முன்வந்து நின்றது.

பெருமைக்குள் மறைந்த உண்மைகள்

இந்தக் கதையைச் சொல்லும்போது நம்மவர் பலர் பெருமிதத்தில் நின்றுவிடுகின்றனர். தடையே நமக்கு ஆசானாயிற்று, தமிழன் எதையும் சாதிப்பான் என்று பேசுகின்றனர். நாம் அவ்வாறு பேச விரும்பவில்லை. தடை யாருக்கும் ஆசானன்று. மருந்தின்றி இறந்தவர்களை அது திருப்பித் தராது. மண்ணெண்ணெய்ப் புகை கண்ணை எரித்தது; நெஞ்சை அடைத்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே வழிந்து யந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்ததால், அரிதில் மீட்ட யந்திரமே விரைந்து தேய்ந்தது. பிளக்கை நாள்தோறும் கழற்றிக் கரி சுரண்ட வேண்டியிருந்தது. வெளியிலிருந்து தடைபோட்ட அரசு ஒருபுறம். உள்ளிருந்து வரி அறவிட்ட ஆயுத அதிகாரம் மறுபுறம். இரண்டுக்கும் நடுவே வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்தவன் விவசாயி.

இதைவிடக் கசப்பான உண்மை ஒன்றும் உண்டு. 1990 அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் ஒரு சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். அவர்கள் கையில் கொண்டுபோக அனுமதிக்கப்பட்டது சொற்பப் பணமே. இரும்புக் கடைகளும் பழைய இரும்பு வியாபாரமும் லொறிப் போக்குவரத்தும் அம்மக்களுள் பலரின் வாழ்வாதாரமாக இருந்தன. எந்தக் குவியலுக்குள் எந்த யந்திரத்தின் பல்லுச் சக்கரம் கிடக்கிறது என்று அறிந்திருந்தவர்கள், அந்த அறிவு மிக அதிகமாகத் தேவைப்பட்ட காலத்தில் சோனகத் தெருவிலிருந்து துரத்தப்பட்டனர். திருத்தும் கைகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுதினால் அது சரித்திரமாகாது.

சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 அக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தனர். சைக்கிளில் ஏறியது மட்டுமே அவர்களோடு போயிற்று. கனத்த யந்திரம் கிணற்றடியிலேயே நின்றது. 1996இல் திரும்பி வந்தோரில் பலருக்கு வீட்டின் கூரையே எஞ்சவில்லை. யந்திரம் எங்கே எஞ்சும்? பலாலியையும் காங்கேசன்துறையையும் சூழ்ந்த ஊர்களுக்கு அப்பொழுதும் திரும்ப வழியிருக்கவில்லை. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சிமெந்து ஆலையும், அதனோடு சேர்ந்து வளர்ந்த தொழிலாளர் திறனும் அந்த வேலிக்குள்ளேயே முடங்கிப் போயின.

2002இல் ஏ9 பாதை திறந்தது. மலிவான புதிய யந்திரங்கள் வந்து குவிந்தன. 2009இல் போர் முடிந்த பின் பழைய இரும்பு லொறிகளும் வந்தன. இரண்டாவது ஒதுக்கல் இவ்வாறு நிகழ்ந்தது. முதலாவது ஒதுக்கலின்போது யந்திரம் மூலையிலாவது கிடந்தது. அதை அறிந்த கையும் உயிரோடு இருந்தது. இப்போது யந்திரம் உலைக்குப் போகிறது. கை முதுமையில் நடுங்குகிறது.

நாம் செய்யக் கூடியது

கியூபாவும் நீண்ட காலம் தடைக்குள் வாழ்ந்த நாடு. 1950களின் அமெரிக்கக் கார்களை அம்மக்கள் இன்றும் திருத்தி ஓட்டுவதை உலகம் அறியும். சோவியத் ஒன்றியம் வீழ்ந்து நெருக்கடி முற்றிய வேளையில், 1992இல், அந்நாட்டு இராணுவப் பதிப்பகம் மக்கள் தத்தம் வாழ்வில் கண்டுபிடித்த திருத்த முறைகளையும் மாற்று வழிகளையும் திரட்டி ஒரு நூலாக வெளியிட்டது. எமது சொந்த முயற்சிகளால் என்பது அதன் தலைப்பின் பொருள். சாதாரண உழைப்பாளியின் கைத்திறனை எழுத்தில் ஏற்றி, எல்லோருக்கும் பொதுவாக்கிய செயல் அது. நமது கராஜ்காரரின் அறிவுக்கு அப்படி ஒரு நூல் எங்கே?

இது பழையதைப் போற்றும் ஏக்கமன்று. 2022இல் நாடு வங்குரோத்தாகி, எண்ணெய்க்கு மைல்கணக்கில் மக்கள் வரிசையில் நின்றபோது நாம் கண்டதென்ன? கடற்றொழிலாளரின் படகு யந்திரங்களும் விவசாயியின் இறைப்பு யந்திரங்களும் நம்பியிருந்த மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நெருக்கடி ஒருமுறை வந்து போய்விடுவதன்று; அது வேறு வேடத்தில் திரும்பி வரும். அந்த நாளில் யந்திரத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்தவன் வேண்டும்.

ஆனால் இன்றைய முதலாளித்துவ உற்பத்தி யந்திரத்தைத் திறக்க முடியாதபடி மூடித் தருகிறது. கெட்டால் எறி, புதிது வாங்கு என்பதே அதன் வேதம். இதற்கு எதிராகத் திருத்தும் உரிமை வேண்டும் என்ற குரல் உலகெங்கும் எழுந்து, 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கென ஒரு சட்டத்தையும் நிறைவேற்றிற்று. அங்கே சட்டமாக வந்திருப்பது, இங்கே ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்க்கை முறையாக இருந்தது. அதை நாமே அறியாதிருப்பது நமது வறுமை.

ஆசிரியத் தோழர்களே, மாணவத் தோழர்களே! உங்கள் பாடசாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கராஜ் இருக்கும். அங்கே எழுபதைத் தாண்டிய ஒருவர் இன்னும் பிளக்கைச் சுரண்டிக்கொண்டு இருக்கலாம். ஒரு குறிப்புப் புத்தகத்தோடு அவரிடம் போங்கள். எந்த உறுப்பை அவர் எந்தச் சொல்லால் அழைக்கிறார் என்று எழுதுங்கள். ஒட்டிய பிஸ்ரனை எப்படிக் கழற்றினார், எரிந்த சுருளை எத்தனை சுற்றுச் சுற்றினார் என்று கேட்டுப் படம் வரையுங்கள். அந்தத் தொழிலை யாரிடம் பயின்றார், சமூகம் அவரை எப்படி நடத்திற்று என்பதையும் விடாமல் எழுதுங்கள். 2005 முதல் நமது ஏடுகளையும் நூல்களையும் எண்ணிம வடிவில் காத்துவரும் நூலகம் போன்ற பொது முயற்சிகளிடம் அக்குறிப்புகளை ஒப்படையுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பயிலும் மாணவர்கள் அந்த முதியவரை ஒரு நாளாவது விரிவுரைக்கு அழைக்கட்டும். முடிந்தால் ஒவ்வொரு பாடசாலையும் ஒரு பழைய யந்திரத்தை வாங்கி, மாணவர் கையாலேயே கழற்றி, பூட்டி, பாடசாலைத் தோட்டத்துக்கு நீர் இறைக்க வைக்கட்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மாலை போட வேண்டாம்.

தராசோடு லொறி ஊர் ஊராக வந்துகொண்டிருக்கிறது. அது நம் ஊர்க் கிணற்றடிக்கு வந்து சேருமுன் நாம் அங்கே போய்ச் சேர வேண்டும்.